கட்டணமற்ற ஆய்வுத் தரவுத்தளங்களில் மீதரவின் தரம்: ஒரு வரலாற்று ஒப்பீடு

முன்னுரை

ஓர் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பு, ஆசிரியர், இதழ், ஆண்டு, மொழி, சுருக்கம் முதலிய விவரங்களின் தொகுதி மீதரவு எனப்படும். நூலக அட்டவணை அட்டையின் இன்றைய வடிவம் அது. கட்டணமின்றிப் பயன்படும் தரவுத்தளங்களுக்கிடையே மீதரவின் தரம் வேறுபடுவதற்குரிய காரணம், அவை தொகுக்கப்பட்ட வரலாற்றில் அடங்கியுள்ளது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

இருவகைத் தொகுப்பு முறை

2000ஆம் ஆண்டில் பதிப்பகங்கள் கூடித் தொடங்கிய கிராஸ்ரெஃப், பதிப்பகங்கள் தாமே அளிக்கும் விவரங்களைச் சேமிக்கிறது. கட்டுரைத் தலைப்பும் வெளியீட்டு ஆண்டும் கட்டாயமானவை. சுருக்கமும் ஆசிரியரின் பணி நிறுவனமும் கட்டாயமல்ல. ஆகவே அங்குக் காணப்படும் குறை பெரிதும் வெற்றிடமாகும்.

மைக்ரோசாஃப்ட் அகடமிக் கிராஃப் இதற்கு மாறானது. இணையப் பக்கங்களிலிருந்து கணினியே விவரங்களைத் திரட்டி, விடுபட்டவற்றை ஊகித்து நிரப்பியது. பரப்பு விரிந்தது; ஆயினும் ஒரே பெயருடைய இருவர் ஒருவராதலும், ஒருவரே இருவராதலும் நேர்ந்தன. 2021 இறுதியில் அது நிறுத்தப்பட்டது. 2022 சனவரியில் தோன்றிய ஓப்பன்அலெக்ஸ் அத்தரவை அடித்தளமாகக் கொண்டு, கிராஸ்ரெஃப் முதலியவற்றின் தரவையும் இணைத்துக்கொண்டது. ஏடு பெயர்த்தெழுதுவோர் வழியே மூல ஏட்டின் பிழை படிதோறும் தொடர்வது போல, முன்னைத் தளத்தின் பிழைகளும் பின்னைத் தளத்திற்கு வந்து சேர இவ்வகையில் வழி ஏற்பட்டது.

தமிழாய்வும் இரு புலங்களும்

இவ்வேறுபாடு தமிழாய்வைப் பெயர், மொழி ஆகிய இரு புலங்களில் தாக்குகிறது. கிராஸ்ரெஃப் அமைப்பில் ஆசிரியரின் குடும்பப் பெயர் கட்டாயம், இயற்பெயர் கட்டாயமல்ல. தலைப்பெழுத்தும் இயற்பெயரும் கொண்ட தமிழ்ப் பெயரில் குடும்பப் பெயர் என ஒன்றில்லை. எனவே ஓரிதழ் தந்தை பெயரையும் மற்றோரிதழ் இயற்பெயரையும் அவ்விடத்தில் இட, ஆசிரியர் ஒருவரே இருவராகிறார். 2012இல் நடைமுறைக்கு வந்த ஆர்க்கிட் எண் இதற்குத் தீர்வாகும். ஆனால் இதழ்கள் அதனைக் கேட்டுப் பெற்றுப் பதிதல் வேண்டும்.

ஓப்பன்அலெக்ஸ் கட்டுரையின் மொழியைச் சுருக்கத்தைக் கொண்டும், அஃதில்லாதபோது தலைப்பைக் கொண்டும் கணினியால் துணிகிறது. தமிழில் எழுதப்பட்ட கட்டுரைக்குச் சுருக்கமும் தலைப்பும் ஆங்கிலத்தில் மட்டுமே அளிக்கப்பட்டிருப்பின் அஃது ஆங்கிலக் கட்டுரையாகவே எண்ணப்பெறும். இப்புலத்தை நம்பித் தமிழ் ஆய்வுக் கட்டுரைகளைக் கணக்கிடுவோர் உண்மையினும் குறைந்த எண்ணிக்கையையே பெறுவர்.

முடிவுரை

நிரம்பிய புலங்களின் எண்ணிக்கை மட்டும் தரத்தின் அளவுகோல் ஆகாது. வெற்றிடம் தன்னைத் தானே காட்டிக்கொள்ளும். ஊகித்து நிரப்பிய பிழை மறைந்து நிற்கும். ஒவ்வொரு புலத்தையும் நிரப்பியவர் பதிப்பாளரா, கணினியா என்று வினவுவதே ஒப்பீட்டின் முதற்படியாகும். மூலபாட ஆய்வில் பயின்ற தமிழறிஞர்க்கு இம்முறை புதிதன்று. தமிழ் இதழ்கள் தலைப்பையும் சுருக்கத்தையும் தமிழ் எழுத்திலேயே அளித்து, மொழியையும் வெளிப்படக் குறிப்பின், பிழையின் பெரும்பகுதி தோன்றுமிடத்திலேயே நீங்கும்.