மௌனம் சம்மதமாகுமா?

'மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி' என்பார்கள். கல்யாணப் பேச்சில் அது பொருந்தலாம். எழுத்தாளரின் உரிமைக்குப் பொருந்துமா?

2004-இல் கூகள் நிறுவனம் அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழக நூலகங்களோடு சேர்ந்து புத்தகங்களை ஸ்கேன் செய்யும் திட்டத்தை அறிவித்தது. பதிப்புரிமை உள்ள நூல்களுக்கும் அனுமதி கேட்கவில்லை. 2005 செப்டம்பரில் அமெரிக்க எழுத்தாளர் சங்கம் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தது. சிலர் முன்நின்று, பாதிக்கப்பட்ட அனைவருக்காகவும் நடத்தும் குழு வழக்கு அது.

2008 அக்டோபரில் இரு தரப்பும் சமரசம் கண்டன. தொகை 12 கோடியே 50 லட்சம் அமெரிக்க டாலர். ஸ்கேன் செய்யப்பட்ட முழு நூலுக்குக் குறைந்தது 60 டாலர். அதோடு, அச்சில் இல்லாத நூல்களைக் கூகள் இணையத்தில் விற்கலாம். வேண்டாதவர், 'நான் விலகுகிறேன்' என்று குறித்த நாளுக்குள் எழுதித் தர வேண்டும். எழுதாதவர் சம்மதித்தவராகிவிடுவார்!

நமக்கென்ன என்கிறீர்களா? பெர்ன் உடன்படிக்கையில் மலேசியா 1990-இலும் சிங்கப்பூர் 1998-இலும் சேர்ந்தன. அதனால் நம் நூல்களுக்கும் அமெரிக்காவில் பதிப்புரிமை உண்டு. முதல் சமரசம் நம் எழுத்தாளர்களையும் உள்ளே இழுத்தது. ஜெர்மனியும் பிரான்சும் எதிர்த்த பிறகே, 2009 நவம்பரில் பெரும்பாலான வெளிநாட்டு நூல்கள் நீக்கப்பட்டன.

எழுத்தாளர் உர்சுலா லெ குவின் சமரசத்தை எதிர்த்துச் சங்கத்திலிருந்தே விலகினார். சுமார் 6,800 பேர் விலகல் கடிதம் கொடுத்தார்கள். 2011 மார்ச் 22-இல் நீதிபதி டென்னி சின் சமரசத்தை நிராகரித்தார். விரும்புகிறவர் மட்டும் சேரும்படி அதை மாற்றினால் பல ஆட்சேபங்கள் தீரும் என்றார்.

கதை அதோடு முடியவில்லை. தேடுவதற்காக ஸ்கேன் செய்து சில வரிகளை மட்டும் காட்டுவது நியாயமான பயன்பாடே என்று 2013-இல் அதே நீதிபதி தீர்ப்பளித்தார். 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எழுத்தாளர்களுக்கு அந்த 60 டாலரும் இல்லை. ஆனால், முழு நூலை விற்கும் உரிமை, வாய் திறக்காதவர்களிடமிருந்து கைமாறவில்லை.

நேயர்களே, பதிப்புரிமை எழுத்தாளர் மறைந்த பின்பு மலேசியாவில் 50 ஆண்டுகள், சிங்கப்பூரில் 70 ஆண்டுகள் நீடிக்கும். உங்கள் தந்தையோ தாத்தாவோ நூல் எழுதியிருந்தால், அதன் உரிமை இன்று யாரிடம் என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? கடிதம் வரும் நாளில் பதில் சொல்ல ஆள் வேண்டுமே!