ஐம்பது வருடம் பூட்டிக் கிடந்த மைதானம்



எங்கள் ஊரில் ஆர்சனலுக்கும் செல்சிக்கும் மென்செஸ்டர் யுனைட்டட்டுக்கும் இரவிரவாகக் கண்விழிக்கும் இளைஞர்களுக்குக் குறைவில்லை. அதே கழகங்களின் பெண்கள் அணிகள் ஆடும் பெண்கள் சுப்பர் லீக், 2026–27 பருவகாலத்தில் 12 அணிகளிலிருந்து 14 அணிகளாக விரிகிறது. பலருக்கு இது ஒரு வரிச் செய்திதான். ஆனால் அதற்குப் பின்னால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு வரலாறு இருக்கிறது. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களும் அவர்களுக்குப் படிப்பிக்கிறவர்களும் தெரிந்திருக்க வேண்டிய வரலாறு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலாம் உலக யுத்த காலம். ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள் பெண்கள். இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் டிக், கேர் அன்ட் கம்பனி என்றொரு தொழிற்சாலை. யுத்தத்துக்கு முன் ட்ராம் வண்டிகள் செய்த இடம், அப்போது வெடிபொருள் செய்தது. சாப்பாட்டு இடைவேளையில் முற்றத்தில் பந்து உதைக்கத் தொடங்கிய பெண்கள் ஓர் அணியானார்கள். 1917 நத்தார் தினத்தன்று டீப்டேல் மைதானத்தில் அவர்கள் ஆடிய போட்டியைப் பார்க்க 10,000 பேர் வந்தார்கள். சேர்ந்த பணம் காயப்பட்ட படையினரின் ஆஸ்பத்திரிக்குப் போனது.

யுத்தம் முடிந்தது. ஆனால் கூட்டம் குறையவில்லை. 1920இல் பிரான்ஸிலிருந்து ஒரு பெண்கள் அணி வந்து அவர்களோடு ஆடியது. அதே வருடம் நத்தாருக்கு மறுநாள், லிவர்பூல் நகரின் குடிசன் பார்க்கில் டிக், கேர் அணியும் சென் ஹெலன்ஸ் அணியும் மோதின. உள்ளே 53,000 பேர். இடமில்லாமல் வாசலோடு திரும்பியவர்கள் இன்னும் பல ஆயிரம். அன்றைய வசூல் 3,000 பவுணுக்கு மேல், அதுவும் தர்மத்துக்கே. பெண்களின் கழகப் போட்டி ஒன்றுக்கு இதைவிடப் பெரிய கூட்டம் வர உலகம் 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருடம் மட்ரிட் நகரில் அட்லெட்டிகோ – பார்சிலோனா போட்டிக்கு 60,739 பேர் வந்தார்கள்.

இவ்வளவு ஆதரவு இருந்த விளையாட்டுக்கு என்ன நடந்தது?

1921 டிசம்பர் 5ஆம் திகதி இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் கூடி ஒரு தீர்மானம் எடுத்தது. உதைபந்தாட்டம் பெண்களுக்குச் சற்றும் பொருத்தமில்லாதது, அதை ஊக்குவிக்கக் கூடாது என்றார்கள். தர்மத்துக்குச் சேர்த்த பணத்தில் அதிகமான தொகை செலவுக்கென்று எடுக்கப்படுகிறது என்றும் ஒரு குற்றச்சாட்டு. முடிவு: சங்கத்தில் இருக்கும் எந்தக் கழகமும் தனது மைதானத்தைப் பெண்களுக்குக் கொடுக்கக் கூடாது. பெண்ணின் உடம்பு இந்த விளையாட்டைத் தாங்காது என்று சொல்ல வைத்தியர்களும் முன்வந்தார்கள். அவர்களில் ஒரு பெண் வைத்தியரும் இருந்தார்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பன்னிரண்டு மணித்தியாலம் வெடிமருந்தோடு வேலை செய்தபோது தாங்கிய உடம்புதான் அது. அப்போது பொருத்தமின்மை யார் கண்ணுக்கும் படவில்லை. யுத்தம் முடிந்து ஆண்கள் திரும்பி, ஆண்களின் லீக்கும் விரிவடைந்து, அதற்கும் பார்வையாளர் தேவைப்பட்ட நேரத்தில்தான் பட்டது. 1921இல் சுரங்கத் தொழிலாளர் வேலையிழந்து பட்டினி கிடந்தபோது அவர்களின் குடும்பங்களுக்காகவும் பெண்கள் அணிகள் ஆடிப் பணம் சேர்த்தன. மேலே இருந்தவர்களுக்கு அதுவும் உவப்பாக இருக்கவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் எழுதுகிறார்கள்.

பெண்கள் பந்தைத் தொடக் கூடாது என்று அந்தத் தீர்மானம் சொல்லவில்லை. மைதானத்தைத்தான் பூட்டியது. அது போதுமாக இருந்தது. நல்ல மைதானம் இல்லையென்றால் டிக்கட் இல்லை, டிக்கட் இல்லையென்றால் பணமில்லை, பணமில்லையென்றால் பயணமும் பயிற்சியும் இல்லை. பத்திரிகையும் மெல்ல மெல்லத் திரும்பிப் பார்க்காமல் போனது. டிக், கேர் அணி மட்டும் விடவில்லை. 1922இல் அமெரிக்கா போய் ஆண்கள் அணிகளோடு ஆடியது. பின்னர் பிரெஸ்டன் லேடீஸ் என்ற பெயரில் 1965 வரை தாக்குப்பிடித்தது. அந்த அணியின் லில்லி பார், பதினான்கு பதினைந்து வயதில் ஆடத் தொடங்கி, ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்துகொண்டே நாற்பது வயது தாண்டியும் ஆடினார். 1978இல் அவர் காலமானார். இங்கிலாந்து உதைபந்தாட்டப் புகழ் மண்டபத்தில் அவருடைய பெயர் சேர்ந்தது 2002இல்.

தடை முறையாக நீங்க 1971 ஆனது. சங்கம் மன்னிப்புக் கேட்டது 2008இல். பெண்கள் சுப்பர் லீக் 2011இல் வெறும் 8 அணிகளோடு தொடங்கியது. முதல் போட்டியில் ஆர்சனலும் செல்சியும் மோதின, பார்க்க வந்தவர்கள் சுமார் 2,500 பேர். 1920இன் 53,000 எங்கே, 2011இன் 2,500 எங்கே! கதவைப் பூட்ட ஒரு கூட்டம் போதும். திறந்த பிறகு ஆட்களைத் திரும்பக் கொண்டுவர இரண்டு தலைமுறை வேண்டியிருக்கிறது. 2018இல்தான் அந்த லீக் முழுமையான தொழில்முறை லீக் ஆனது. 2022இல் இங்கிலாந்துப் பெண்கள் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றபோது வெம்ப்ளியில் 87,192 பேர் இருந்தார்கள். 2024 பெப்ரவரியில் ஆர்சனல் பெண்கள் அணியின் லீக் போட்டிக்கு 60,160 பேர். இந்தப் படிகளின் தொடர்ச்சிதான் இப்போது வரும் 14 அணிகள்.

இதை "வெள்ளைக்காரர் கதை" என்று தள்ளிவிட முடியாது. 2007இலிருந்து சர்வதேசப் போட்டிகளில் ஹிஜாபோடு ஆட முடியாமல் இருந்தது. கழுத்தில் காயம் வரலாம், ஆபத்து என்று காரணம் சொன்னார்கள். 2011இல் அம்மானில் ஜோர்தானுக்கு எதிரான ஒலிம்பிக் தகுதிகாண் போட்டிக்கு வந்த ஈரான் பெண்கள் அணி, தலையை மறைத்திருந்ததால் ஆட அனுமதிக்கப்படவில்லை. பிறகு ஆராய்ந்து பார்த்தால், அப்படிக் காயம் வந்ததற்கு மருத்துவ ஆதாரமே இல்லை. 2012இல் பரீட்சார்த்தமாகவும் 2014இல் நிரந்தரமாகவும் அனுமதி கொடுத்தார்கள். 2023இல் மொரோக்கோவின் நுஹைலா பென்சினா பெண்கள் உலகக் கிண்ணத்தில் ஹிஜாபோடு ஆடிய முதல் வீராங்கனையானார். மொரோக்கோ அந்தப் போட்டியில் வென்றது. 1921இல் உடம்பு தாங்காது என்றார்கள், 2007இல் கழுத்துக்கு ஆபத்து என்றார்கள். இரண்டு தடவையும் முதலில் மூடிவிட்டுத்தான் காரணத்தைச் சரிபார்த்தார்கள்.

மார்க்க வரம்புகள் பற்றிப் பேச ஆலிம்கள் இருக்கிறார்கள். உடை எப்படி, இடம் எப்படி, யார் பயிற்றுவிப்பது என்பவை கேட்கப்பட வேண்டிய நியாயமான கேள்விகள். நான் சொல்வது வேறு. "பெண் பிள்ளைக்கு ஓட்டமும் பந்தும் உடம்புக்குக் கூடாது", "பிறகு குடும்ப வாழ்க்கைக்குக் கஷ்டம்" என்று ஒருவர் சொல்லும்போது, அது மார்க்கமா, மருத்துவமா, அல்லது பழக்கமா என்று பிரித்துக் கேளுங்கள். மார்க்கம் என்றால் ஆலிமிடம் போங்கள். மருத்துவம் என்றால் வைத்தியரிடம் போங்கள். பழக்கம் என்றால், அதை மாற்றலாமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கென்று தனியான நேரம், மறைப்பான மைதானம், ஒரு பெண் பயிற்றுநர். இவ்வளவும் ஓர் ஊர் நினைத்தால் செய்யக்கூடிய காரியம். விளையாட்டுப் பாடவேளையில் வகுப்பறை யன்னலோரம் உட்கார்ந்து தம்பிமார் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு வயது 12, 13. அவர்களின் பாடசாலைக் காலம் இன்னும் நாலைந்து வருடம்தான். இந்த வருட விளையாட்டுப் போட்டிக்கு முன்பாவது பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் யாராவது ஒரு தாயோ தந்தையோ இதைக் கேளுங்கள். நானும் அங்கே இருப்பேன், இன்ஷா அல்லாஹ்.