ஏலக்காய் மூட்டையும் ஒரு யுத்தமும்

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணிக்குப் போகும்போது மலை மெல்ல மெல்ல நம்மை நெருங்கி வருகிறது. குரங்கணியில் நின்று மேற்கே நிமிர்ந்து பார்த்தால், அந்த முகட்டுக்கு அப்பால் மலையாள தேசம். இந்தப் பக்கத்து ஏலக்காய் மூட்டையைப் பார்க்கிறவர்களுக்குப் பாயசம் நினைவுக்கு வருவது இயல்பு. எனக்கு என்னவோ ஒரு யுத்தம் நினைவுக்கு வருகிறது.

1790 முதல் 1792 வரை நடந்த மூன்றாம் மைசூர் யுத்தத்தைத்தான் சொல்கிறேன். அதன் காரணத்தைப் பள்ளிப் பருவத்தில் நாலு வரியில் படித்து முடித்திருப்போம். கொடுங்கல்லூர், ஆயக்கோட்டை என்ற இரண்டு கோட்டைகளைத் திருவிதாங்கூர் மகாராஜா டச்சுக்காரர்களிடம் விலைக்கு வாங்கினார். கொச்சி ராஜா தமக்குக் கப்பம் கட்டுகிறவர், அவருடைய சீமையிலுள்ள கோட்டைகளை விற்க டச்சுக்காரர்கள் யார் என்று கேட்டார் திப்பு சுல்தான். 1789 டிசம்பர் 29ஆம் தேதி அவருடைய படை திருவிதாங்கூரின் நெடுங்கோட்டையைத் தாக்கியது. திருவிதாங்கூர் கும்பெனிக்கு நேச ராஜ்யம். ஆகவே கும்பெனியும் யுத்தத்தில் இறங்கியது.

எல்லாம் சரிதான். ஆனால் இரண்டு கோட்டைகளுக்காகவா தென்னாடு முழுவதும் தீப்பற்றியது? ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடந்த யுத்தத்தைப் பற்றி எழுதிய கிரேக்கச் சரித்திராசிரியர் தூசிடிடீஸ், வெளியில் சொல்லப்பட்ட வழக்குகளை ஒரு புறம் ஒதுக்கி வைத்தார். ஏதென்ஸ் வளர்வதைக் கண்டு ஸ்பார்ட்டா கொண்ட அச்சமே மெய்யான காரணம் என்றார். நம் யுத்தத்திலும் அந்த அச்சத்தைத் தேடிப் பார்க்கலாம்.

1766இல் ஹைதர் அலி மலையாளக் கரையைப் பிடித்தார். மிளகு விளையும் பூமி மைசூரின் வசமாயிற்று. தலைச்சேரியில் கடை விரித்திருந்த ஆங்கிலேயர் மைசூரின் தயவை எதிர்பார்க்க நேர்ந்தது. 1785இல் திப்பு, மிளகும் சந்தனமும் ஏலக்காயும் தம் துறைமுகங்களிலிருந்து கப்பலேறக் கூடாது என்று தடை போட்டார். 1788இல் ஆங்கிலேயரோடு வியாபாரமே கூடாது என்று உத்தரவிட்டார். பிறகு கும்பெனி மிளகுக்கு நம்பியிருந்த பெரிய ராஜ்யம் திருவிதாங்கூர்தான். அதுவும் திப்புவின் கைக்குப் போய்விட்டால்?

திப்புவின் இடத்திலிருந்து பாருங்கள். வங்காளத்துக்கு வியாபாரியாக வந்த கும்பெனி 1765இல் திவானி உரிமையே பெற்றுவிட்டது. அதை அறிந்தவர் வியாபாரத்தைச் சும்மா விட்டுக்கொடுப்பாரா? திருவிதாங்கூரோ, மார்த்தாண்ட வர்மா காலத்திலிருந்தே மிளகை அரசாங்கத்தின் ஏகபோகமாக்கி, அந்தப் பணத்தில் படையை வளர்த்த ராஜ்யம். மூவரும் தற்காப்பு என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். ஒருவர் தம் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்ட சத்தம் மற்றவர் காதில் படையெடுப்பாகக் கேட்டது.

சமயமும் சேர்ந்துகொண்டது. நாடு பிடிக்கும் யுத்தம் கூடாது என்று 1784ஆம் வருஷத்துப் பார்லிமெண்ட் சட்டம் கும்பெனியின் கையைக் கட்டியிருந்தது. நேச ராஜ்யம் தாக்கப்பட்டால் மட்டும் அந்தக் கட்டு அவிழும். நெடுங்கோட்டைத் தாக்குதல் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸுக்கு அந்த வழியைத் திறந்துவிட்டது. திப்பு நம்பியிருந்த பிரான்ஸோ 1789ஆம் வருஷத்துப் புரட்சியில் சிக்கிக் கிடந்தது. மராட்டியரும் நிஜாமும் 1790இல் கும்பெனியோடு சேர்ந்துகொண்டார்கள்.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை. திப்பு பாதி ராஜ்யத்தை இழந்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் கொடுக்க ஒப்புக்கொண்டார். இரண்டு பிள்ளைகளைப் பிணையாக அனுப்பினார். கும்பெனி தன் பங்காக எதை எடுத்துக்கொண்டது? மலபார், குடகு, பாரமகால், திண்டுக்கல். யுத்தத்துக்குக் காரணமாகச் சொன்ன அந்த இரண்டு கோட்டைகளைவிட இந்தப் பட்டியல் அதிகம் பேசுகிறது. மிளகும் ஏலமும் விளையும் மலைகள் அதில் இருக்கின்றன. மைசூருக்கு ஏறும் வழிகளும் இருக்கின்றன.

அந்தத் திண்டுக்கல் சீமையின் பாளையங்களில் ஒன்றுதான் போடிநாயக்கனூர். நெடுங்கோட்டை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அறியாத மலையடிவாரத்துக் குடியானவனுக்கு, ஒரு நாள் வேறொரு துரைத்தனம் வந்து சேர்ந்தது. யுத்தத்தின் காரணத்தை அவனிடம் யாரும் கேட்கவில்லை. அதன் பலனை மட்டும் அவன் வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள்.