சாப்பலும் சங்கமும்: தங்கவயலின் 'குட்டி இங்கிலாந்து' குறித்து ஒரு மறுப்பு

கோலார் தங்கவயலைப் பற்றிய நினைவுக் குறிப்புகளில் 'குட்டி இங்கிலாந்து' என்ற பெயர் தவறாமல் வந்துவிடுகிறது. வடக்கே பாலகாட் முதல் தெற்கே மாரிக்குப்பம் வரை நீளும் சுரங்கப் பட்டையில் பங்களாக்கள், கிளப், உரிகத்து ஆங்கிலிக்கன் ஆலயம், 1901இல் ஜான் டெய்லர் நிறுவனம் நந்திதுர்க் சுரங்கத்தில் தொடங்கிய ஆங்கிலப் பள்ளி ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, ஓர் ஆங்கிலக் கிராமமே இங்கு வந்து குடியேறியதாக முடித்துவிடுகிறார்கள். இந்த ஒப்பீடு ஏற்கத்தக்கதன்று.

ஆங்கிலக் கிராமத்தில் ஆலயமும் பள்ளியும் ஊர்ப் பொது. நிலக்கிழாரும் கூலியாளும் ஒரே கூரையின்கீழ் வழிபட்டார்கள். இருக்கை வரிசையில் ஏற்றத்தாழ்வு இருந்தது உண்மை. 1811இல் தோன்றிய தேசியச் சங்கம் ஆலயங்களை ஒட்டி நடத்திய பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்காகவே எழுந்தவை. நந்திதுர்க் பள்ளியோ ஆங்கிலேய, ஐரோப்பிய ஊழியரின் பிள்ளைகளுக்கானது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்து சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்கள் 'லைன்கள்' எனப்பட்ட தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில், தட்டிக் குடிசைகளில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். அவர்களுக்கும் தேவாலயங்கள் இருந்தனவே என்று சொல்லிச் சிலர் இதை மறுக்கலாம். தமிழ்க் கத்தோலிக்க, மெதடிஸ்ட் சபைகள் இருந்தது மெய்தான். ஆனால் பங்களாக்காரர்களோடு ஒரே சபையாகக் கூடும் இடங்களாக அவை அமையவில்லை. ஒரே ஊர் என்ற உணர்வுக்கே அங்கு இடமில்லை.

ஒப்பிட வேண்டுமென்றால் இங்கிலாந்தின் சுரங்க வட்டாரமான கார்ன்வாலோடு ஒப்பிட வேண்டும். 1880 முதல் தங்கவயலை நிர்வகித்த ஜான் டெய்லர் நிறுவனத்தின் முன்னோடியான ஜான் டெய்லர், 1819இல் கார்ன்வாலின் க்வெனாப் பகுதியில் கன்சாலிடேடட் செப்புச் சுரங்கங்களை ஏற்று நடத்தியவர். அதே க்வெனாப்பில், ஒரு பள்ளத்தைச் சுற்றித் திரண்ட மக்களிடம் 1762 முதல் பலமுறை பிரசங்கித்தார் மெதடிஸ்ட் இயக்கத்தின் முன்னோடியான ஜான் வெஸ்லி. பங்கு ஆலயத்தில் தமக்குரிய இடம் கிடைக்காத சுரங்கத் தொழிலாளர்கள் மெதடிஸ்ட் சாப்பல்கள் எனப்படும் சிற்றாலயங்களைத் தாமே கட்டிக்கொண்டார்கள். அங்கே பேசவும் படிக்கவும் கணக்கு வைக்கவும் பழகினார்கள். கார்ன்வாலிலிருந்து தங்கவயலுக்கு வந்த சுரங்க வல்லுநர்கள் இந்த மரபில் வளர்ந்தவர்கள்.

தங்கவயலில் இந்தச் சாப்பலின் வேலையைச் செய்தது பௌத்த சங்கம் என்பது என் துணிபு. அயோத்திதாசர் 1898இல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேரூன்றியது. கம்பெனியின் கொடையாகவோ மிஷனரியின் முயற்சியாகவோ அது வரவில்லை. சுரங்கத்தை அண்டிப் பிழைத்தவர்கள் சாதியை மறுக்கும் ஒரு சமயத்தைத் தாங்களே தேர்ந்துகொண்டார்கள். ஒப்புமைக்கு எல்லையும் உண்டு. வெஸ்லியின் மக்கள் கிறிஸ்தவத்துக்குள் நின்றே விலகினார்கள். தங்கவயல் பௌத்தர்களோ தங்களைத் தீண்டத்தகாதவர்களாக்கிய முழு ஒழுங்கையும் துறந்தார்கள். அந்தத் துணிவின் அளவு பெரிது.

சாப்பலின் வேலையைச் சங்கம் செய்ததற்கு அச்சில் சான்று கிடைக்கிறது. 1907இல் அயோத்திதாசர் தொடங்கிய 'தமிழன்' இதழ், 1914இல் அவர் மறைந்தபின் நெடுநாள் நீடிக்கவில்லை. 1926இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு அது மீண்டும் வெளிவந்தது தங்கவயலிலிருந்துதான். அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை மறுபதிப்பிட்டு, அவர் பெயரைச் சென்னை மறந்திருந்த காலத்திலும் படிக்கக் கிடைக்கச் செய்தது.