இசைத்தட்டுக் கடைகளும் ஓர் ஒலிநாடாவும்

உத்திரமேரூர் என்றதும் பலருக்கும் குடவோலைக் கல்வெட்டே நினைவுக்கு வரும். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய எழுத்துகளை ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் படிக்கிறோம். நம் பெற்றோர் கேட்டு நெகிழ்ந்த குரல்களுக்கு அந்த ஆயுள் இல்லை. அவை அரக்கில் பதிந்தவை; கை தவறினால் உடைந்துவிடும்.

சென்னை மவுண்ட் ரோட்டில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்றொரு கடை இருந்தது. ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் கூட்டாளிகளுடன் நடத்திய இசைத்தட்டு வணிகம் அது. ஓடியன் தட்டுகளை விற்றதோடு நில்லாமல், பாடல்களைப் பதிவு செய்து வெளியிடவும் செய்தார்கள். தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிடப் பாட்டுக்கே இடம். மணிக்கணக்கில் பாடிப் பழகியவர்களும் அந்த அளவுக்குள் அடங்கியாக வேண்டும். செட்டியார் படத்தொழிலுக்குள் நுழைந்ததும் இவ்வணிகத்தின் வழியாகத்தான். 1935இல் வந்த முதற்படமான 'அல்லி அர்ஜுனா' தோல்வி கண்டது என்பது வேறு கதை.

கிராமங்களில் இசைத்தட்டை விலைக்கு வாங்கிக் கேட்டவர்கள் மிகச் சிலரே. மைக் செட் வாடகைக்கு விடுவோரின் பெட்டிகளில்தான் அவை இருந்தன. நிக்காஹ் வீட்டுப் பந்தலில் குழாய் ஒலிபெருக்கி கட்டியதும் முதலில் ஒலிப்பது 'இசைமுரசு' நாகூர் ஈ.எம். ஹனிஃபா அவர்களின் குரல். 1925இல் பிறந்து 2015இல் மறைந்த அம்மனிதரை நேரில் பார்த்திராத ஊர்களிலும் அவருடைய குரலை அறியாத வீடு இல்லை.

ஒலிநாடா வந்தபின் சிற்றூர்களில் ரெக்கார்டிங் கடைகள் தோன்றின. விருப்பப் பாடல்களைத் தாளில் எழுதி வெற்று கேசட்டுடன் கொடுத்தால், சில நாள்களில் பதிந்து தருவார்கள். உரிமைச் சட்டத்தின்படி அது முறையன்று. ஆனால் ஏழை வீட்டுக்குப் பாட்டு வந்து சேர்ந்தது அவ்வழியேதான். என் அத்தாவும் அப்படித்தான் சேர்த்தார். பட்டியலை அரபுத்தமிழில் எழுதிவிட்டு, கடைக்காரருக்குப் புரியாதே என்று மறுபடி தமிழில் எழுதுவார்.

மதரஸாவில் ஓதி முடித்து வந்த புதிதில், இசைக்கருவியுடன் பாடியவை வீட்டில் கூடாது என்றேன். பெருநாளன்று சிறுமியர் தஃப் அடித்துப் பாடியதை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை என்னும் ஹதீஸ் எனக்குத் தெரியும். மற்றக் கருவிகளைப் பெரும்பாலான உலமாக்கள் ஏற்கவில்லை என்பதும் தெரியும். இன்றும் என் கருத்து அதுவே. ஆனால் அன்று நான் அத்தாவிடம் கேட்கக்கூட இல்லை. கேசட்டின் ஓட்டையில் தாளை அடைத்து, பாடல்களின் மேலேயே பயான்களைப் பதிந்தேன். அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அத்தா மவுத்தான பிறகு அவற்றில் ஒன்றை ஓடவிட்டேன். பயான் பக்கம் முழுவதையும் நிரப்பவில்லை. ஸலவாத்துடன் அது முடிந்த இடத்தில் சிறு இரைச்சல். அதன்பின் பாதிப் பாட்டிலிருந்து ஹனிஃபாவின் குரல், நாடா தீரும் வரை.