கைமாறிய மூன்று சக்கரம்

1988க்குப் பிறகு அமெரிக்காவில் மூன்று சக்கர ஏடிவி (கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் வண்டி) வைத்திருந்த குடும்பங்கள் ஒரு கணக்குப் போட வேண்டியிருந்தது: இதைக் கொடுத்து, மேலே கொஞ்சம் பணமும் போட்டு, யாராவது ஓட்டிய நான்கு சக்கர வண்டியை எடுத்துக்கொள்ளலாமா? வெளியே பார்த்தால் இது அவரவர் சொந்த விஷயம். ஆனால் அரசும் தயாரிப்பாளர்களும் சேர்ந்து எடுத்திருக்க வேண்டிய முடிவு அது என்றே நான் நினைக்கிறேன். அதை வாங்கியவர் தலையில் கட்டியதால் ஆபத்து ஒழியவில்லை; ஒரு கொட்டகையிலிருந்து இன்னொரு கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தது.

குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்பனை படுத்துவிடும். அப்போது டீலர்கள் விற்க ஏதாவது வேண்டும் என்று ஹோண்டாவின் அமெரிக்கக் கிளை கேட்டதன் விளைவுதான் 1970இல் வந்த மூன்று சக்கர யுஎஸ்90. பின்னாளில் ஏடிசி90 என்று பெயர் மாறியது. சஸ்பென்ஷன் கிடையாது, மிகக் குறைந்த காற்றழுத்தம் கொண்ட பருத்த டயர்களே அந்த வேலையையும் பார்த்தன. பனி, மணல், சேறு எதிலும் புதையாமல் போனதால் விவசாயிகளும் வேட்டைக்காரர்களும் விரும்பி வாங்கினார்கள். ஆளைக் கவிழ்க்கும் குணமும் அதன் அமைப்பிலேயே இருந்தது. பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே ஆக்சிலில் இறுகப் பிணைந்திருக்கும். திருப்பத்தில் வெளிச் சக்கரம் கூடுதல் தூரம் போக வேண்டும். ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழலும். ஹேண்டில்பாரைத் திருப்பினாலும் வண்டி நேரேதான் போகப் பார்க்கும். நம்மூர் ஆட்டோவுக்கும் மூன்று சக்கரம்தானே என்று கேட்கலாம். ஆட்டோவின் பின்பக்கம், இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் இருக்கிறது. ஏடிவியிலோ ஓட்டுபவர் உடம்பை உள்பக்கம் சாய்த்து, வெளிப்பக்க மிதியை அழுத்தி, உள் சக்கரத்தின் பாரத்தைக் குறைத்தால்தான் திரும்பும். திருப்பத்திலேயே பிரேக் போட்டால் பாரம் முன்னால் வரும். அங்கே தாங்க ஒற்றைச் சக்கரம்தான் உண்டு. மோட்டார் சைக்கிள் பழக்கத்தில் காலைத் தரையில் ஊன்றினாலோ பின் சக்கரம் அந்தக் காலின் மேலேயே ஏறிவிடும்.

1982இல் சுசூகி நான்கு சக்கர வண்டியைக் கொண்டுவந்தது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். இதற்குள் மூன்று சக்கர வண்டிகள் லட்சக்கணக்கில் விற்றிருந்தன. அவற்றில் அடிபட்டு மருத்துவமனைகளுக்கு வந்தவர்களில் சிறுவர்களும் கணிசமாக இருந்தார்கள். அமெரிக்க அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் தொடர்ந்த வழக்கு 1988 ஏப்ரலில் நீதிமன்றம் ஏற்ற சமரச உடன்பாட்டில் முடிந்தது. ஹோண்டா, யமஹா, சுசூகி, கவாசாகி, போலாரிஸ் ஆகிய ஐந்து நிறுவனங்களும் புதிய மூன்று சக்கர வண்டி விற்பதை நிறுத்தின. பெரியவர்களுக்கான வண்டியை 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை, புதிதாக வாங்குவோருக்கு இலவசப் பயிற்சி தருவது என்றும் ஒப்புக்கொண்டன. டீலர்களிடம் விற்காமல் கிடந்த மூன்று சக்கர வண்டிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டன. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது, பணம் போகவில்லை. ஒரே வண்டி கடையில் நின்றால் திரும்பப் பெறத்தக்கது, வீட்டில் நின்றால் எச்சரிக்கத்தக்கது என்ற இந்தப் பாகுபாட்டுக்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. நுகர்வோர் அமைப்புகளும் சில மாநில அரசுகளும் அப்போதே இதை எதிர்த்தன.

தவறு வண்டியில் இல்லை, ஓட்டத் தெரியாதவரிடம்தான் என்று மூன்று சக்கரப் பிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். பழகியவர் கையில் அது அடங்கும் என்பது உண்மை. ஆனால் வண்டி கைமாறும்போது அந்தப் பழக்கம் கூடவே கைமாறுவதில்லை. பத்து வருடம் ஓட்டியவர் நான்கு சக்கரத்துக்கு மாறுகிறார். அவர் விட்ட வண்டி, விலை மலிந்ததாலேயே, முதல்முறை ஓட்டப்போகும் ஒருவரிடம், பல வீடுகளில் பதின்வயதுப் பையனிடம், போகிறது. இலவசப் பயிற்சியோ வயது வரம்போ அக்கம்பக்கத்தார் இருவருக்கிடையே நடக்கும் பேரத்தைக் கட்டுப்படுத்தவில்லை. நான்கு சக்கரமும் கவிழ்கிறதே என்பது இதைவிட வலுவான மறுப்பு. கவிழத்தான் செய்கிறது, உயரமும் இறுகிய ஆக்சிலும் அதிலும் உண்டு, உயிர்களும் போயிருக்கின்றன. இருந்தாலும் முன்னால் இரண்டு சக்கரம் தாங்குவதால் திருப்பத்தில் அது பிடித்து நிற்கும். ஆகவே மாற்றிக்கொண்ட குடும்பம் தனக்குச் சரியானதையே செய்தது. அதைக் குறை சொல்ல முடியாது.

அத்தனை வண்டிகளையும் திரும்ப வாங்கினால் கம்பெனிகள் தாங்குமா என்றும் கேட்கப்பட்டது. முழுப் பணமும் தர வேண்டியதில்லை. நான்கு சக்கர வண்டி வாங்குவோரின் பழையதை ஒரு நியாயமான விலைக்கு எடுத்து, உடைத்துப் போட்டிருந்தாலே பெரும்பகுதி புழக்கத்திலிருந்து போயிருக்கும். மக்கள் எப்படியும் மாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். 2008இல் அமெரிக்க நாடாளுமன்றம் மூன்று சக்கர ஏடிவிக்குச் சட்டத்திலேயே தடை போட்டபோதும் அந்தத் தடை புதிய வண்டிகளுக்கு மட்டுமே. பழையவை இன்றும் சட்டப்படியே விற்கப்படுகின்றன. நல்ல நிலையில் உள்ளவற்றைச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். மற்றவை யார் கேட்டாலும் அவர்களுக்கு.