கார்புரேட்டர் வந்த வழி

நம் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் வண்டிகள் நிற்கும் இடத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். ஸ்கூட்டர்களுக்கும் சார்ஜில் போட்ட மின்வண்டிகளுக்கும் நடுவே, தூசி படிந்த உறைக்குள் ஒரு பழைய புல்லட்டோ யெஸ்டியோ ஆர்.எக்ஸ். 100-ஓ நிற்கும். "இதை எப்போ எடுக்கப் போறீங்க?" என்று சங்கக் கூட்டத்தில் கேள்வி வரும். "ஓடுற வண்டிதான், கார்புரேட்டர் மட்டும் பார்க்கணும்" என்று பதில் வரும். அந்தக் கார்புரேட்டர் எங்கிருந்து வந்தது, அதைப் பார்ப்பது என்றால் என்ன என்று தெரிந்துகொண்டால், கேள்வி கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் முடிவெடுப்பது எளிதாகும்.

பெட்ரோல் திரவமாக இருக்கும்வரை எஞ்சினுக்குப் பயன்படாது. காற்றோடு நுண்துளிகளாகக் கலந்தால்தான் சிலிண்டருக்குள் ஒழுங்காக எரியும். 1 கிராம் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். 1886-இல் காப்புரிமை பெற்ற கார்ல் பென்சின் மோட்டார் வண்டியில், பெட்ரோலின் மேற்பரப்பில் காற்றை ஓடவிட்டு, கிளம்பும் ஆவியை எஞ்சினுக்கு அனுப்பினார்கள். வெயிலுக்கு ஒரு மாதிரி, குளிருக்கு ஒரு மாதிரி ஓடும் ஏற்பாடு அது. 1893-இல் ஹங்கேரியின் டோனாட் பாங்கியும் யானோஷ் சோன்காவும், அதே ஆண்டில் ஜெர்மனியின் வில்ஹெல்ம் மேபாக்கும், பெட்ரோலைச் சிறு துளை வழியாகத் தெளிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். இன்றும் உங்கள் புல்லட்டில் இருப்பது அந்த முறைதான்.

அது வேலை செய்யும் விதம் எளிது. டாங்கிலிருந்து பெட்ரோல் தானாக இறங்கி ஒரு சிறு கிண்ணத்தில் நிறைகிறது. கிண்ணத்துக்குள் மிதக்கும் ஃப்ளோட் உயர்ந்து, ஓர் ஊசியால் வழியை அடைக்கிறது. நம் வீட்டு மேல்நிலைத் தொட்டியில் பந்து வால்வு செய்கிற அதே வேலை. எஞ்சின் காற்றை இழுக்கும்போது, குறுகலான பாதையில் காற்று வேகமெடுக்கிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. கிண்ணத்துப் பெட்ரோல் ஜெட் என்னும் பித்தளைத் துளை வழியே மேலேறித் தெறிக்கிறது. சென்சாரும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்த எவரும் திறந்து பார்க்கலாம்.

இங்கிலாந்தின் பர்மிங்காமில் மூன்று கார்புரேட்டர் நிறுவனங்கள் இணைந்து 1927-இல் ஆமல் நிறுவனம் உருவானது. பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை ஆமல் கார்புரேட்டரோடுதான் வந்தன. ரெடிச் நகரில் பிறந்த ராயல் என்ஃபீல்டு புல்லட்டும் அப்படித்தான். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் ரெடிச்சோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் முதலில் பாகங்களை வரவழைத்துப் பூட்டினார்கள்; பிறகு படிப்படியாக இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். தாய் நிறுவனம் 1970-உடன் இங்கிலாந்தில் ஓய்ந்துபோனது. திருவொற்றியூர் ஓயவில்லை. 1977-இல் சென்னையில் செய்த 350 சி.சி. புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது.

நம் மாவட்டத்தின் வயதும் ஏறக்குறைய அதுதான். திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் பிரிந்து தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1-ஆம் தேதி. அதற்கு முந்தைய ஆண்டு பிறந்த என்ஃபீல்டு இந்தியாவைத் தொடர்ந்து, 1960-களின் தொடக்கத்தில் மைசூரிலிருந்து ஜாவா வந்தது. பின்னாளில் அதுவே யெஸ்டி. 1983-இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ராஜ்தூத் 350-ஐக் கொண்டுவந்தது. இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர். 1985-இல் ஆர்.எக்ஸ். 100. அந்தப் பத்தாண்டில் சென்னையின் யூக்கால் நிறுவனம் ஜப்பானின் மிக்குனியோடு கூட்டுச் சேர்ந்தது. 'மிக்கார்ப்' என்று பொறித்த கார்புரேட்டர் புல்லட் உட்படப் பல இந்திய வண்டிகளில் ஏறியது. உங்கள் வண்டியிலும் அந்தப் பெயர் இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள்.

இந்த வரலாறு 2020 ஏப்ரல் 1 அன்று ஏறக்குறைய முடிந்தது. பி.எஸ்-6 புகை விதி நடைமுறைக்கு வந்ததும், புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டரின் இடத்தை ஃப்யூயல் இஞ்செக்‌ஷன் பிடித்துக்கொண்டது. பெட்ரோலும் மாறியது. 2022-இல் 10 சதவீதம் எத்தனால், இப்போது 20 சதவீதம். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நாஞ்சில் நாட்டுக்கு இரண்டு பருவமழை. அதனால்தான் கன்னிப்பூ, கும்பப்பூ என்று நமக்கு இரண்டு நெல் போகம். வயலுக்கு வரமான அந்த ஈரம், மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு அப்படி இல்லை. கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் பிசினாகிறது. உலோகத்தில் வெள்ளைப் பூ பூக்கிறது. எத்தனாலுக்காகச் செய்யப்படாத பழைய ரப்பர் வளையங்கள் ஊதி வெடிக்கின்றன. ஓடி ஓடித் தேய்ந்த கார்புரேட்டரைவிட, நின்று நின்று கெட்டதுதான் அதிகம்.

ஆகவே 'கார்புரேட்டர் பார்ப்பது' என்றால் பெட்ரோல் விட்டுக் கழுவி மாட்டுவது அல்ல. முழுதாகப் பிரிக்க வேண்டும். பிரிக்குமுன் ஒவ்வொரு நிலையையும் செல்போனில் படம் எடுத்துவையுங்கள். ஏர் ஸ்க்ரூவைக் கழற்றுமுன், அதை உள்ளே முழுதும் திருக எத்தனை சுற்று ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஜெட்டின் துளையில் இரும்புக் கம்பியை விடவே கூடாது. பித்தளை மெதுவானது, துளை மயிரிழை பெரிதானாலும் பெட்ரோல் கூடுதலாக இறங்கும். குளச்சலிலோ முட்டத்திலோ கிடைக்கும் மெல்லிய நைலான் தூண்டில் நரம்பு போதும். அதன்பின் காற்றடித்து ஊதுங்கள். ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள்; உள்ளே பெட்ரோல் தளும்பினால் அது ஓட்டை. ஊசி, ரப்பர் வளையம், கேஸ்கெட் எல்லாம் புதிது போடுங்கள். எத்தனால் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, த்ராட்டில் ஸ்லைடை அதன் குழலில் இறக்கிப் பக்கவாட்டில் அசையுங்கள். கடகடவென்று ஆடினால் பாடியே தேய்ந்துவிட்டது. ரிப்பேர் கிட் எத்தனை வாங்கினாலும் ஐட்லிங் நிற்காது. அந்தச் செலவை அங்கேயே நிறுத்துங்கள். ஆட்டம் இல்லையென்றால் பழைய பாடியைத் தூக்கி எறியாதீர்கள். அளவு சரியில்லாத போலி ஜெட்டோடு வரும் மலிவான புதுக் கார்புரேட்டரைவிட அது மேல். ராஜ்தூத் 350 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேலை கூடுதல்: இரண்டு ஸ்லைடும் ஒரே நேரத்தில், ஒரே அளவு உயர வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சிலிண்டர் சுமக்கும், மற்றது சும்மா வரும்.

இனி, நம் எல்லோருக்குமான விஷயம். ஃப்ளோட் ஊசி சரியாக அடையாத வண்டியில், பெட்ரோல் டேப் திறந்திருந்தால் இரவு முழுதும் சொட்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, கீழ்த்தளத்தில், வடிகாலில், சம்ப் மூடியின் ஓரத்தில் தங்கும். பக்கத்திலேயே சார்ஜிங் பிளக் இருக்கிறது. வண்டியை நிறுத்தியதும் டேப்பை மூடுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கப்போவதில்லை என்றால், மூடியபின் எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டுக் கிண்ணத்தைக் காலிசெய்யுங்கள். கார்புரேட்டர் பிரிப்பதைக் கீழ்த்தளத்திலோ பால்கனியிலோ செய்யாதீர்கள். திறந்தவெளியில், அல்லது ஒர்க்‌ஷாப்பில் செய்யுங்கள்.

ஆர்.சி. புத்தகத்தையும் எடுத்துப் பாருங்கள். 15 ஆண்டு முடிந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும். அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை. எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டே காற்றையும் பெட்ரோலையும் அளவு வைக்கத் தெரிந்த மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். பலருக்கும் வயதாகிவிட்டது, இளையவர்கள் கற்பது ஸ்கேனரைச் செருகிப் பார்க்கும் வேலையை. வண்டியை வைத்துக்கொள்வதென்றால் இந்த ஆண்டே கார்புரேட்டரைப் பிரித்துச் சரிசெய்யுங்கள். முடியாதென்றால், சரிசெய்யத் தெரிந்த ஒருவரிடம் காகிதத்தோடு முறையாகக் கொடுங்கள். உறை போட்டு நிறுத்திவைப்பது மட்டும் வண்டிக்கும் நல்லதல்ல, மேலே தூங்குகிறவர்களுக்கும் நல்லதல்ல.